உஷார்! வாட்ஸ்அப்பில் வரும் அந்த வினா வங்கி

டெக்ஸாஸில் ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டி லைசென்ஸ் தேர்வுக்குத் தேதி வாங்கி வைத்திருக்கிறவர்கள், மேற்கொண்டு ஒரு பக்கம் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் வைத்துக்கொண்டு உருப்போடுகிற பி.டி.எஃப். எந்த மாநிலத்துக்காகத் தயாரானது, எந்த ஆண்டில் தயாரானது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் அதில் பதில் இல்லையென்றால் அதை இன்றே போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கோப்பு ஓயாமல் சுற்றுகிறது. "அக்கா, கொஸ்டின் பேங்க் இருந்தா அனுப்புங்க, அடுத்த வாரம் எக்ஸாம்" என்று ஒருவர் கேட்டால், சற்று நேரத்தில் நாலு பேர் அனுப்பிவிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்புவதில்லை. கலிஃபோர்னியாவில் பாஸான நாத்தனார் கொடுத்தது, நியூ ஜெர்சியிலிருக்கும் கல்லூரி நண்பர் எப்போதோ படித்தது என்று ஒன்றோடொன்று கலந்து, எது எந்த ஊர்ச் சட்டம் என்றே தெரியாத ஒரு குவியலாகிவிட்டது அது. அதை நம்பித் தேர்வு அறைக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்ல. ஐ.டி. வேலை போய் வேறு வழி தேடுகிறவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் தனக்கென ஒரு வருமானம் வேண்டும் என்று நினைக்கும் அம்மாக்கள், கிரீன் கார்டு வந்த கையோடு சொந்தமாக ஏஜென்சி தொடங்கத் திட்டமிடுகிறவர்கள். இன்ஜினீயரிங் முடித்து, மென்பொருள் சான்றிதழ்களையும் வரிசையாக வாங்கியவர்கள். "நாம பார்க்காத பரீட்சையா, ஒரு வாரம் போதும்" என்று அவர்கள் சொல்லும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகிறது. டெக்ஸாஸும் தன் பங்குக்கு அந்த மயக்கத்தை வளர்க்கிறது. இதே வகை லைசென்ஸுக்கு ஃபுளோரிடாவில் வழக்கமான வழி 200 மணி நேர வகுப்பு. நியூயார்க்கில் 90 மணி நேரம். டெக்ஸாஸில் கட்டாய வகுப்பு என்பதே கிடையாது. பணத்தைக் கட்டி, தேதி வாங்கி, நேரே போய் உட்கார்ந்துவிடலாம். வகுப்பு கேட்காததால் தேர்வும் லேசாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாஸாவதற்கு 70 வேண்டும். தவறினால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் தேதி.

அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது வாஷிங்டன் அல்ல, அந்தந்த மாநிலம். 1945-இல் வந்த மெக்கார்ரன்-ஃபெர்குசன் சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. அதனால்தான் தேர்வில் பொதுப் பகுதி ஒன்று, மாநிலச் சட்டப் பகுதி ஒன்று. கைமாறி வந்த கோப்புகள் காலை வாருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியில்தான்.

கிளெய்ம் கால வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து கிளெய்ம் வந்தால் டெக்ஸாஸில் காப்பீட்டு நிறுவனம் 15 நாட்களுக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்தபின் 15 வேலை நாட்களுக்குள் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்ல வேண்டும். ஏற்பதாகச் சொல்லிவிட்டால் 5 வேலை நாட்களுக்குள் பணம் போக வேண்டும். முதல் 15 சாதாரண நாட்கள், அடுத்த 15 வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் தகவல் தெரிவிக்க அதே 15 நாட்கள்தான். ஆனால் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல 40 நாட்கள், பணம் கொடுக்க 30 நாட்கள். நாத்தனாரின் கோப்பைப் படித்துவிட்டு டெக்ஸாஸ் தேர்வில் உட்காருகிறவர் முதல் எண் பொருந்துவதைப் பார்த்து நிம்மதியாகிறார். அதே நிம்மதியில் அடுத்த இரண்டையும் தப்பாகக் குறிக்கிறார்.

ஆண்டு மாறினாலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் கார் காப்பீட்டின் குறைந்தபட்சப் பொறுப்புத் தொகை பல பத்தாண்டுகளாக 15/30/5 என்றே இருந்தது. ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கு 15,000 டாலர், ஒரு விபத்தில் அனைவருக்குமாக 30,000, பிறர் சொத்துச் சேதத்துக்கு 5,000. 2025 ஜனவரி 1 முதல் அது 30/60/15. வர்ஜீனியாவில் அதே நாளில் 50/100/25 ஆனது. நியூ ஜெர்சி 2023-இல் ஒரு முறை உயர்த்தி, 2026 தொடக்கத்தில் இன்னொரு முறை உயர்த்தியது. டெக்ஸாஸில் 2011 முதல் 30/60/25. எல்லாம் ஒரே சாயலில் இருக்கும் எண்கள். விடைகளாக நாலையும் அடுத்தடுத்து வைத்தால், உங்கள் மாநிலத்தின் எண்ணை உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டுமே கை நடுங்காது. பழைய கோப்பை நம்பி வந்தவர் பழைய எண்ணைக் குறித்துவிட்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு வெளியே வருவார்.

டெக்ஸாஸுக்கே உரிய விஷயங்கள் இன்னும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு முதலாளியின் கடமை. டெக்ஸாஸில் தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் அதை எடுக்காமலேயே தொழில் நடத்தச் சட்டம் இடம் தருகிறது. பொதுப் புத்தகத்தை மட்டும் படித்தவர் 'கட்டாயம்' என்று குறித்துவிடுவார். கார் பாலிசியில் பி.ஐ.பி. என்கிற சொந்தக் காயப் பாதுகாப்பும், காப்பீடு இல்லாத வண்டி மோதினால் உதவும் பாதுகாப்பும் தாமாகவே சேர்ந்து வரும். வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் எழுத்தில் மறுக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. தேர்வுக்கு மட்டும் இது முக்கியமல்ல. நாளைக்கு நீங்கள் ஏஜென்ட் ஆனபின், அந்த ஒரு கையெழுத்து கோப்பில் இல்லாவிட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கடலோரம் தனிக் கதை, அதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கால்வெஸ்டன் மாதிரியான ஊரில் ஒரு வீட்டுக்கு முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பல சமயம் மூன்று பாலிசிகள் தேவைப்படும். தீ, திருட்டு போன்றவற்றுக்கு வழக்கமான வீட்டுப் பாலிசி. அதிலிருந்து காற்றும் ஆலங்கட்டியும் விலக்கப்பட்டிருந்தால் அவற்றுக்கு டெக்ஸாஸ் விண்ட்ஸ்டார்ம் இன்ஷூரன்ஸ் அசோசியேஷன். வெள்ளத்துக்குத் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம். விண்ட்ஸ்டார்ம் சங்கம் வெள்ளத்துக்குக் கொடுக்காது, வெள்ளத் திட்டம் காற்றுக்குக் கொடுக்காது. அந்தச் சங்கம் 1971-இல் டெக்ஸாஸ் சட்டமன்றத்தால் உருவாக்கப்பட்டது. கடலை ஒட்டிய 14 கவுண்ட்டிகளும் ஹாரிஸ் கவுண்ட்டியின் ஒரு பகுதியும் அதன் எல்லை. பெயர் வைக்கப்பட்ட புயல் வளைகுடாவுக்குள் வந்துவிட்டால் புதிய பாலிசி எழுத மாட்டார்கள். வெள்ளப் பாலிசி அமலுக்கு வரப் பொதுவாக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு உச்ச வரம்பு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர்.

இவற்றை வெறும் எண்களாக உருப்போடாதீர்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் ராக்போர்ட் அருகே கரை கடந்தது. அங்கே காற்று வீடுகளைப் பிய்த்தது. அடுத்த சில நாட்களில் ஹூஸ்டனில் மழை கொட்டித் தீர்த்தது. அங்கே நாசம் செய்தது தண்ணீர். ஒரே புயல்தான், ஆனால் ஓர் ஊரில் பேச வேண்டியது விண்ட்ஸ்டார்ம் பாலிசி, இன்னோர் ஊரில் வெள்ளப் பாலிசி. ஹூஸ்டனின் மேற்கே கேட்டி பக்கம் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பல, வெள்ள அபாய வரைபடத்துக்கு வெளியே இருந்தவை. கடன் கொடுத்த வங்கி வெள்ளப் பாலிசி கேட்கவில்லை, ஆகவே எடுக்கவில்லை. வீட்டுப் பாலிசி வெள்ளத்துக்கு உதவாது என்பதே தண்ணீர் வடிந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அதற்கு முன் 2008-இல் ஐக் புயல் பொலிவர் தீபகற்பத்தில் வீடுகளைத் துடைத்து எடுத்து வெறும் அடித்தளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனபோது, அடித்துப் போனது காற்றா கடலா என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. இந்தப் பாடத்தை 'சி' என்றோ 'டி' என்றோ விடையெழுத்தாக மட்டும் நினைவில் வைத்துப் பாஸாகிறவர், நாளைக்கு நம் பக்கத்து வீட்டுக்காரருக்கே பாலிசி எழுதப் போகிறார். எனக்குப் பதற்றமாக இருப்பது அதனால்தான்.

சரி, பொதுப் பகுதியாவது வினா வங்கியில் தேறிவிடுமா? அங்கேயும் உஷாராக இருங்கள். கேள்வியின் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் விடை தலைகீழாகும்படிதான் இந்தத் தேர்வைத் தயாரிக்கிறார்கள். வீட்டுப் பாலிசிகளில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ.-3 வகையைப் பாருங்கள். கட்டடத்துக்கு, விலக்கு என்று பாலிசி சொன்னவை தவிர எல்லா நேரடிச் சேதத்துக்கும் ஈடு. உள்ளே இருக்கும் பொருட்களுக்கு, பாலிசி பெயர் சொல்லிப் பட்டியலிட்ட காரணங்களால் சேதம் நேர்ந்தால் மட்டும் ஈடு. பெயிண்ட் டப்பா கவிழ்ந்து மரத் தரை பாழானால் பேச இடமுண்டு. அதே பெயிண்ட் சோபாவில் கொட்டினால் கிடையாது. "பெயிண்ட், ஹெச்.ஓ.-3" என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் பழகிய விடையைத் தட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி குழிதான். "பின்வருவனவற்றுள் எது ஈடு செய்யப்படாது" என்ற எதிர்மறைக் கேள்விகளிலும் இதே கதி. மின்னல், திருட்டு, குழாய் வெடிப்பு, நில அதிர்வு என்று நாலைப் போட்டிருப்பார்கள். 'செய்யப்படாது' என்பதைக் கண் தாண்டிப் போய்விட்டால் முதல் விடையே சரியாகத் தோன்றும்.

கணக்குக் கேள்வி ஒன்றைக் கையோடு போட்டுப் பாருங்கள். ஒரு கடைக் கட்டடத்தின் மதிப்பு 4,00,000 டாலர். பாலிசியில் 80 சதவீதக் கோ-இன்ஷூரன்ஸ் நிபந்தனை. அப்படியென்றால் 3,20,000 டாலருக்கு எடுத்திருக்க வேண்டும். உரிமையாளர் எடுத்திருப்பது 2,40,000. தீயில் 40,000 டாலர் நஷ்டம். டிடக்டிபிள் 1,000. எடுத்ததை எடுத்திருக்க வேண்டியதால் வகுத்தால் முக்கால். 40,000-இல் முக்கால் 30,000. அதிலிருந்து 1,000 கழித்தால் 29,000. ஆனால் 1,000-ஐ முதலிலேயே கழித்துவிட்டு முக்கால் போட்டால் 29,250 வரும். அந்த 29,250-உம் விடைகளில் ஒன்றாக உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடும். மதிப்பை 80 சதவீதமாக்க மறந்தால் 24,000, அதில் 1,000 போனால் 23,000. அதுவும் இருக்கும். மனப்பாடம் செய்த கோப்பில் '29,000' என்று மட்டும் இருக்கிறது. தேர்வில் கட்டடத்தின் மதிப்பு 5,00,000 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? வழிமுறை தெரிந்தவர் அரை நிமிடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்.

"போன வாரம் எழுதினவர் ஞாபகம் வெச்சு டைப் பண்ணின ஒரிஜினல் கேள்விகள்" என்று பணத்துக்கு வருகிற கோப்புகள் இன்னும் மோசம். தேர்வு தொடங்குமுன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதை மீறிக் கொடுப்பவரும், தெரிந்தே வாங்கிப் பரப்புகிறவரும் ஆபத்தில் காலை விடுகிறார்கள். நாணயம் ஒன்றே மூலதனமாக உள்ள தொழிலுக்குள் நுழையும்போதே முறைகேட்டுப் புகார் பெயரில் ஒட்டிக்கொள்வது தேவையா? தெரிந்த ஒருவரைத் தன் இடத்தில் உட்கார வைக்கும் பேச்சும் காதில் விழுகிறது. கூடவே கூடாது.

நம்பிப் படிக்கக் கூடியது பைசா செலவில்லாமல் கிடைக்கிறது. தேர்வை நடத்தும் பியர்சன் வியூ, டெக்ஸாஸ் காப்பீட்டுத் துறைக்காக வெளியிடும் தேர்வாளர் கையேட்டில் பாடத் தலைப்புகள் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் எழுதுவது ஜெனரல் லைன்ஸ் ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டிதானா என்று பார்த்து, அந்தப் பட்டியலை அச்சடித்து, ஒவ்வொரு தலைப்பையும் உங்கள் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் இல்லாத தலைப்பு பட்டியலில் இருந்தால் அது பழைய புத்தகம். வீட்டுப் பாலிசி, கார் பாலிசிப் படிவங்களை மூலத்திலேயே ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பாலிசி இழுப்பறையில்தானே கிடக்கிறது? அதிலிருந்தே ஆரம்பியுங்கள். பயிற்சிக் கேள்விகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்தபின், தப்பான மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று சொல்லிப் பார்க்க அவை வேண்டும்.

இனி, நம்மவர்களுக்கென்றே காத்திருக்கும் ஒரு சங்கடம்: பெயர். தேர்வுக்குப் பதிவு செய்த பெயர், காட்டுகிற அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரோடு அப்படியே பொருந்த வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் சர்நேமாகவும், முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்றும் அச்சாகிவிடுகிறது. சிலருக்கு ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே தொடர்கிறது. அப்பா பெயரை விரித்து ஓர் ஆவணம், இன்ஷியலோடு இன்னோர் ஆவணம், கணவர் பெயரோடு மூன்றாவது. பதிவு செய்யும்போது பழக்கத்தில் வீட்டில் அழைக்கும் வரிசையில் பெயரை அடித்துவிட்டால், தேர்வு நாளன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். கட்டணமும் போய்விடும். தேர்வோடு இது நிற்பதில்லை. கைரேகைப் பதிவிலும் லைசென்ஸ் விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள் அதே வரிசையில் இருக்க வேண்டும். இன்றைக்கே அட்டையை எடுத்து வைத்து, பதிவு உறுதி மின்னஞ்சலோடு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே தொடர்புகொண்டு திருத்துங்கள்.

வீட்டிலிருந்தே எழுதுகிறவர்கள் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் இன்னோர் ஆள் தெரிந்தால் தேர்வு நிறுத்தப்படலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உதடு அசைந்தாலே எச்சரிப்பார்கள். அந்தப் பழக்கம் இருந்தால் மையத்துக்கே போய் எழுதுங்கள்.

பாஸ் ஆனதும் லைசென்ஸ் வந்துவிட்டதாக எண்ணி, நண்பர்களிடம் "நான் எழுதித் தர்றேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கைரேகை, விண்ணப்பம், துறையின் ஒப்புதல் எல்லாம் முடிந்து லைசென்ஸ் கையில் வரும் வரை நீங்கள் ஏஜென்ட் அல்ல.

விண்ணப்பத்தில் பழைய வழக்குகளைப் பற்றிய கேள்விகளைக் கவனமாகப் படியுங்கள். தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதா என்றும் கேட்கிறார்கள். கடையில் தானாகப் பில் போடும் இயந்திரத்தில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் வந்து மாட்டி, "சின்ன கேஸ், முடிஞ்சு போச்சு" என்று மறந்துவிட்டவர்கள் அங்கே 'இல்லை' என்று குறிக்கிறார்கள். கைரேகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பழைய சின்ன வழக்கைவிட, மறைத்தது பெரிய குற்றச்சாட்டாகிவிடும். நேர்மையின்மையோ நம்பிக்கைத் துரோகமோ அடங்கிய பெருங்குற்றத் தண்டனை பெற்றவர், காப்பீட்டுத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. பழைய வழக்கு எதுவாக இருந்தாலும் நீதிமன்றத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். மளிகைக் கடை வாசலிலும் பிறந்தநாள் விருந்திலும் "சைடுல பண்ணலாம் அண்ணா, லைசென்ஸ் மட்டும் எடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று ஆள் சேர்க்கிறார்கள். தேர்வு எழுதுவது வேறு, கமிஷன் வாங்குவது வேறு. எச்-1பி விசா, மனுச் செய்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டுமே அனுமதி தருகிறது. பாலிசி விற்றுக் கமிஷன் வாங்கினால் அது அனுமதியற்ற வேலை. அந்தக் கமிஷனுக்கு 1099 படிவம் வரும். வருமான வரிக் கணக்கில் ஏறும். கிரீன் கார்டு விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும்போது அந்தத் தாள் எதிரே வந்து நிற்கும். எச்-4-இல் இருப்பவர்கள், இ.ஏ.டி. அட்டை கையில் இருந்தால்தான், அது காலாவதியாகாமல் இருக்கும் வரைக்கும்தான் சம்பாதிக்கலாம். மாநிலம் லைசென்ஸ் கொடுத்துவிட்டதே என்பது மத்தியக் குடியேற்றத் துறையிடம் செல்லாது. இந்தக் கேள்வியை ஆள் சேர்க்க வந்தவரிடம் கேட்காதீர்கள். தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.